இண்டைக்கு என்ன கதைச்சனீர்?

மாசிக் கருவாடு சீவுகிற மரப்பெட்டி ஒன்று என் குசினி அலுமாரியில் இருக்கிறது. செங்கல்லை விடக் கொஞ்சம் நீளம். மேல்பக்கத்தில் தச்சனுடைய சீவுளியில் இருப்பதுபோல ஓர் அலகு. மாசித் துண்டை அதன்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தால் கீழே உள்ள லாச்சிக்குள் மெல்லிய சீவல் சுருண்டு விழும். லாச்சியை இழுத்து அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். என் மகள் இடித்த மாசியைக் கடையில் பைக்கற்றாக வாங்குகிறவள். இந்தப் பழைய பெட்டியை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று வீடு துப்பரவாக்கும்போதெல்லாம் கேட்பாள். சனிக்கிழமைகளில் என் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அந்த அலகையும் கழற்றி எண்ணெய் பூசித் துடைத்து வைப்பேன். பெட்டி என்னுடையதல்ல. துருப்பிடிக்க விடமாட்டேன் என்று ஒருத்திக்குச் சொல்லி வாங்கியது.

நான் திரியாயில் பிறந்தவள். கலியாணம் முடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. அது வெள்ளைக்காரர் தங்களுக்குள் பிடிக்கிற சண்டை, நமக்கென்ன என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் இருந்தோம். என் கணவர் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பார். வந்த புதிதில் அவரிடமிருந்து நான் கேட்டதெல்லாம் சோறு, தேத்தண்ணி, கதவைச் சாத்தும் என்கிற அளவில்தான். நானோ வாய் ஓயாதவள். எட்டுப் பேர் நிறைந்த வீட்டில் கதைத்துக் கதைத்தே வளர்ந்தவளுக்கு அந்த வீட்டின் மௌனத்தில் மூச்சு முட்டியது. கிணற்றடியில் மேய்கிற கோழிகளோடு கதைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் இவருக்குப் பல்வலி வந்தது. டச்சு வளைகுடாப் பக்கம் ஒரு யப்பானியப் பல் வைத்தியர் நெடுநாளாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். கைராசிக்காரர் என்று பேர். இவர் அவரிடம் போனார், பிறகும் போனார், பிறகு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேரையும் சாப்பிட வரச் சொல்கிறார்கள், வெளிக்கிட்டு நில்லும் என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. அந்தக் காலத்தில் எந்தப் புருஷன் பெண்சாதியை வெளியே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான்? கோயிலுக்குக்கூட மாமியாரோடுதான் அனுப்புவார்கள். கூறைக்கு அடுத்ததாக இருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தபோது வேலிகளுக்கு மேலால் தலைகள் எட்டிப் பார்த்தன. பார்க்கட்டும் என்று மெதுவாகவே நடந்தேன்.

வைத்தியர் வீட்டில் கதிரை மேசை எல்லாம் முன்னறையில், பல் பிடுங்க வருகிறவர்களுக்கு. உள்ளே பாய்தான். பாயில் இருந்து சாப்பிடுகிற வெளிநாட்டுக்காரரை அன்றைக்குத்தான் கண்டேன். அப்போதே பாதிக் கூச்சம் போய்விட்டது. கொத்தமல்லி, மிளகாய் ஒன்றும் போடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தபடியால் முந்தானையில் மிளகாய்த்தூளை முடிந்துகொண்டு போயிருந்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் முடிச்சை அவிழ்த்தால் வைத்தியரின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கையை நீட்டினார். பயந்துபோய்க் கொஞ்சம் போட்டேன். அதை மீன் பொரியலில் தொட்டு வாயில் வைத்தவர் கண்ணில் நீர் வழியச் சிரித்துவிட்டுத் தன் கணவருக்கும் ஒரு துண்டு தொட்டுக் கொடுத்தார். அதோடு அவர் எனக்கு அக்கா. மீன்காரப் பெண்களிடம் பழகிய தமிழ் அவருடையது. பெரியவர் சின்னவர் எல்லோரையும் நீ என்பார். அவர் வாயில் அது மரியாதைக் குறைவாகப் படவில்லை.

அக்காவின் குசினியில் நான் சமையலைப் புதிதாகப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும். நாங்கள் கஞ்சி வடித்து உதிரியாக எடுக்கிற சோற்றை அவர் வடிக்காமல் தண்ணீரை அதற்குள்ளேயே வற்றவிட்டு ஒட்டச் சமைப்பார். முட்டையில் சீனி போட்டுச் சுருட்டிப் பொரிப்பார். முதலில் முகத்தைச் சுழித்தேன், பிறகு அதற்காகவே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்தேன். சூரை மீனைப் பச்சையாக அரிந்து கறுத்த சாறு ஒன்றில் தொட்டுச் சாப்பிடுவார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். இவர் கண் இமைக்காமல் சாப்பிட்டார். எனக்காகத்தான் இந்தச் சங்கடமெல்லாம் படுகிறார் என்று நினைத்து அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த இரக்கத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அவர்கள் ஊரிலும் நம்முடைய மாசி போலவே ஒரு கருவாடு இருக்கிறதாம். அதைச் சீவத்தான் அந்தப் பெட்டி. ஊர்க் கருவாடு முடிந்துபோய், இங்கே கடையில் மாசியைக் கண்ட அன்றைக்குத் தான் அழுததாக அக்கா சொன்னார். மாசிச் சீவலைக் கொதிநீரில் போட்டு வடித்து, அந்தச் சாற்றில் அவரைக்கொட்டைபோல ஒரு பயற்றைப் புளிக்கவைத்த களியைக் கரைத்து, மேலே பச்சைப் பாசியைத் தூவுவார். நான் அதற்குப் பாசிச் சொதி என்று பேர் வைத்தேன். வைத்தியரும் பிறகு அப்படியே கேட்கத் தொடங்கினார். பாசி எங்கிருந்து வருகிறதென்றால், விடியற்காலையில் கடல் வற்றியிருக்கும்போது அக்கா பாறைகளில் ஏறி நின்று பிய்த்துக்கொண்டு வருவார். சில நாள் நானும் போயிருக்கிறேன். பாறை வழுக்கும். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, வேரோடு இழுக்காதே, அடுத்த முறைக்கு விடு என்பார். கிழக்கே கப்பல்கள் வருவதும் போவதும் தெரியும். நாங்கள் காலுக்குக் கீழேதான் பார்த்தோம்.

ஒரு முறை கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனோம். செத்தவர்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்கிற இடத்தில் இருந்து சாப்பிடுவதா என்று எனக்கு மனம் இடித்தது. அதைச் சொன்னதும் அக்கா பொதியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் பாயை விரித்தார். உருண்டை பிடித்த சோற்றுக்குள் புளி வைத்திருந்தார். வைத்தியர் கிணற்றுக்குக் கிணறு ஓடிப்போய்ச் சின்னப் பிள்ளைபோலச் சூடு பார்த்துக்கொண்டு, தங்கள் ஊர்க் கதைகளைச் சொன்னார். இவரும் சிரித்தார். இவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இத்தனையிலும் எனக்கு மிகப் பிடித்தது சாப்பாடு அல்ல. திரும்பி வருகிற வழியில், கடற்கரையில் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், இவர் நடையைத் தளர்த்தி எனக்குப் பக்கத்தில் வருவார். வந்து கேட்பார்:

“இண்டைக்கு என்ன கதைச்சனீர்?”

குசினிக்குள் பெண்கள் கதைப்பதை எந்த ஆண்பிள்ளை கேட்டான்! நான் ஒன்று விடாமல் சொல்வேன். அக்காவின் தங்கச்சி கலியாணம் கட்டினது, வைத்தியரின் தம்பி கடற்படையில் சேர்ந்தது, பாசி பொறுக்கப் போனது, அக்கா அறைக்குள் சாமிப்படம் வைத்திருக்கிற இடம், எல்லாம். அவர் குறுக்கே பேசமாட்டார். பிறகு, அதுக்கு அவ என்ன சொன்னவ என்று கேட்பார். வீட்டுக்கு வந்து சேரும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். என் கதையைக் கேட்க ஒரு மனுஷன் கிடைத்துவிட்டான் என்று அம்மாவிடம் போய்ப் பெருமை பேசியிருக்கிறேன்.

யப்பான் யுத்தத்தில் இறங்கிய செய்தி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் நான் தனியாகவே அக்கா வீட்டுக்கு ஓடினேன். வாசல் படலையில் கொன்ஸ்தாபிள் நின்றான். வைத்தியரை முதல் நாளே தனியாகக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. அக்காவை வேறொரு காரில் ஏற்ற நின்றார்கள். என்னைக் கண்டதும் உள்ளே போய் இந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். கொன்ஸ்தாபிள் பறித்து லாச்சியை இழுத்துப் பார்த்தான். மாசித் தூள். மணந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“தங்கச்சி, இது துருப்பிடிக்கும். எண்ணெய் பூசு. வந்து வாங்குவன்.”

“ஓம் அக்கா. துருப்பிடிக்க விடமாட்டன்.”

இந்தியாவில் ஏதோ ஒரு முகாமுக்குக் கப்பலில் அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். புருஷனும் பெண்சாதியும் ஒன்றாகச் சேர்ந்தார்களா என்று யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து இவர் ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தமிழர்தான், நல்ல மாதிரியான மனுஷன். எனக்கென்று ஒரு தகர ரின் நிறைய விசுக்கோத்து கொண்டுவந்திருந்தார். நான் அக்காவின் பெட்டியில் மாசி சீவிச் சம்பல் அரைத்திருந்தேன். ருசித்துச் சாப்பிட்டவர் இரண்டாம் முறை சோற்றுக்கு இலையைக் காட்டிக்கொண்டே சொன்னார்:

“தங்கச்சி, நீங்கள் சொன்ன கதையள் எங்களுக்குப் பெரிய உதவி. பாறையில நிண்டு பாசி பொறுக்கிற சாட்டில கப்பல் பாத்த கதை ஒண்டு போதுமே.”

அகப்பை என் கையிலேயே நின்றது. சோறு போடும், ஆறுது என்றார் இவர், இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். போட்டேன். மோரும் ஊற்றினேன். இன்ஸ்பெக்டர் ஏப்பம் விட்டு, தனியாக ஓர் ஆண்பிள்ளை அடிக்கடி போய்வந்தால் சந்தேகப்படுவார்கள், குடும்பமாகப் போகச் சொன்னது தன்னுடைய யோசனைதான் என்றும் சொல்லி, கை கழுவப் போனார்.

அவர் போன பிறகு கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். இவர் வந்து வாளியை எடுத்தார். கேட்டேன்.

“பாசிச் சொதி நீங்களும் குடிச்சனீங்கள்தானே. அதைச் சொன்னனீங்களோ?”

“சாப்பாட்டைப் பற்றி ஆரும் கேக்கேல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண்கள் காலங்காலமாகப் பாசி பொறுக்கிக் காய்ச்சுகிறார்கள். அவர்களை யாரும் உளவு என்று சொன்னதில்லை. அது இவருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம் ஊத்தும் அக்கா என்று கோப்பையை நீட்டிய அதே கைதான் எழுதிக் கொடுத்திருக்கிறது. யுத்தம் வந்தால் எப்படியும் பிடித்திருப்பார்கள் என்று பிறகொரு நாள் தானாகச் சொன்னார். அது உண்மைதான். இலங்கையில் இருந்த மற்ற யப்பானியரையும் பிடித்தார்கள். ஆனால் எங்கள் வைத்தியரை மட்டும் பெண்சாதியிடமிருந்து பிரித்து விசாரணைக்குக் கொண்டுபோனது நான் கடற்கரையில் நடந்துகொண்டு சொன்ன கதைகளால்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகை தெரியத் தெரிய நாங்கள் வண்டி பிடித்துத் திரியாய்க்கு ஓடினோம். வழியில் இவர் ஒரு தடவை புகையைக் காட்டி, பாத்தீரா என்றார். எனக்கும் மனம் ஆடியதை மறைக்கமாட்டேன். வைத்தியர் உளவாளியாக இருந்திருக்கலாம். யார் கண்டது? ஆனால் அக்கா பிய்த்த பாசி பாசிதான். அதை நான் தின்றிருக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. இவருக்குக் கந்தோரில் பதவி உயர்ந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள். அவர் ஒரு கெட்ட புருஷன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வீட்டில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு அவர் என்னை எங்கும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. என்ன கதைச்சனீர் என்று கேட்கவும் இல்லை. கேட்கிற வேலை முடிந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல்வலி என்று வைத்தியரிடம் போன மனுஷன் எழுபது வயதிலும் கரும்பைப் பல்லால் கடித்து உரித்தார். வாயில் ஒரு சொத்தை கிடையாது. கரும்பு கடிக்கும் சத்தம் கேட்டால் நான் எழுந்து பின்பக்கம் போய்விடுவேன்.

கடைசிக் காலத்தில் நடக்க ஏலாமல் சாய்மனைக் கதிரையோடு ஆகிவிட்டார். ஒரு பின்னேரம் நான் பக்கத்து வீட்டுக்காரியோடு வேலியடியில் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். அவர் தலையைத் திருப்பினார்.

“இண்டைக்கு என்ன கதைச்சனீர்?”

அந்தக் குரல் அப்படியே இருந்தது. முகத்தைப் பார்த்தேன். நாள் முழுக்கத் தனியாகக் கிடந்த ஒரு கிழவனுடைய முகம். சும்மாதான் கேட்கிறார் என்று தெரிந்தது. இதற்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பதும் தெரிந்தது.

“ஒண்டும் கதைக்கேல்லை” என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நான் குசினிக்குள் போய்ப் பெட்டியை எடுத்து மடியில் வைத்து மாசி சீவத் தொடங்கினேன். வேலியடியில் நாங்கள் நிறையக் கதைத்திருந்தோம். வயிறு நோகச் சிரித்த கதையும் ஒன்று இருந்தது. சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார். லாச்சி நிறைந்ததும் அலகைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசி வைத்தேன். இந்தச் சனிக்கிழமையும் பூசினேன். ஒரு பொட்டுத் துரு இல்லை.