பின்கட்டில் மூன்று நாள்

விடிந்ததும் இந்தத் தென்காசி வீட்டில் முதலில் எழும் கேள்வி, "இன்னைக்கு யாரு வெளிய?" என்பதுதான். வீட்டுக்குத் தூரமான பெண் பின்கட்டில், ஓலைத்தட்டிக்குப் பின்னால் மூன்று நாள் உட்கார்ந்துகொள்வாள். மற்றவள் உலை வைப்பாள். பால்காரன் காதில் விழும்படி கேட்கிறார்கள். ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்குக் கூசிப்போயிற்று. அங்கே எங்களுக்கு மாடியில் இரண்டே அறை. தனியே உட்கார ஏது இடம்? தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு அடுப்பை மூட்டுவேன். சுவாமி படத்துக்கு மட்டும் அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் பூ வைப்பார்.

"ஊர் திரும்பியாச்சு, இனி என்ன கவலை?" என்கிறார்கள். திரும்பியது அவர். நான் இந்த ஊருக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறேன்.

அரக்கான் மலை வழியே நடந்து வந்த என் சகோதரிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும், வாய் திறந்திருக்க மாட்டீர்கள். யுத்தத்தில் ரங்கூன்மேல் குண்டு விழுந்ததும் கிளம்பியவர்கள், பாதையோரம் விழுந்து கிடந்தவர்களைப் பார்க்காதவர்கள்போல நடந்தோம். ஒரு கை அரிசி கிடைத்தால் அன்றைக்குப் பண்டிகை. அந்த வழியில் எனக்கு மாதவிலக்கு நின்றுபோயிற்று. முருகா, இதுவும் உன் உபகாரம் என்றுதான் அப்போது நினைத்தேன். ஊர் வந்து வேளாவேளைக்குச் சோறு கண்ட பிறகும் வரவில்லை. எனக்கோ ஒரு பிள்ளை வேண்டும்.

முதலில் என் மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, முழுகாம இருக்கியோ?" என்று மாங்காய் நறுக்கித் தந்தாள். வயிறு ஒட்டியே கிடந்ததும் சிரிப்பு போய் வைத்தியம் வந்தது. எள்ளுருண்டை, பப்பாளிக்காய், பெயர் தெரியாத பச்சிலைச் சாறு. சாரலுக்குக் குற்றாலம் வந்த உறவுக்காரிகளில் ஒருத்தி உடம்புச் சூடு என்றாள், இன்னொருத்தி குளிர்ச்சி என்றாள். இரண்டுக்கும் மருந்து குடித்தேன். வயிறு பொருமியதுதான் மிச்சம்.

கடைசியில் அவர் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நன்றாகப் பரிசோதித்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "பட்டினியும் பயமும் சேர்ந்தால் உடம்பு இப்படிச் செய்யும். பிள்ளை சுமக்க இது சமயமில்லை என்று தானே நிறுத்திக்கொள்ளும். வயிறாரச் சாப்பிடு. தூங்கு. வேலையைக் குறைத்து ஓய்வெடு. வரும்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன்.

"ஓய்வா? காச்ச அடிக்குதா?"

"இல்ல, அத்தே."

"காலு கீலு ஒடஞ்சிருக்கா?"

"இல்ல."

"பின்ன எதுக்குட்டி ஓய்வு?"

இந்த வீட்டில் பெண்ணுக்கு ஓய்வென்றால் பின்கட்டுதான். அது எனக்குக் கிடையாதே! தூரமே ஆகாதவள் என்று பூஜைக்கும் விரதத்துக்கும் அமாவாசைக்கும் அடுப்பு என் தலையில் விழுந்தது. கொழுந்தன் பெண்டாட்டி கடையத்துக்காரி. தட்டிக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு குரல் கொடுப்பாள்: "யக்கா, ரசத்துல உப்பு கம்மி! இங்கன இருக்கவ ராணியாக்கும். ஒனக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்ல." எரிச்சலில் எனக்கு அழுகை வரும். படுத்தாலோ அந்த மலைப்பாதை. கண்ணை மூடினால் நடக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நைவேத்தியப் பாயசத்தைக் கிண்டிக்கொண்டே நின்றபடி தூங்கிவிட்டேன். அடிப்பிடித்த நாற்றத்தில் மாமியார் ஓடி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போ. பின்கட்டுல போயி உக்காரு. யாரு கேட்டாலும் நான் உக்காரச் சொன்னேன்னு சொல்லு."

"வராமலே உக்காந்தா அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா, அத்தே?"

"மலையாளத்துல அம்மனுக்கே தூரமாகி நட சாத்துதாங்க. அவளுக்குத் தெரியாத உடம்பா? போ, ஏட்டி!"

போனேன். அன்று மத்தியானம் படுத்தவள் சாயங்காலம் வரை நடக்கவே இல்லை. கடையத்துக்காரி உளுந்தங்களியைத் தட்டிக்கடியில் தள்ளிவிட்டு, "பொய் ராணி, தின்னு!" என்றாள். அதன்பின் மாதந்தோறும் பின்கட்டு எனக்கும் உண்டு. கன்னம் தேறியது. மலைப்பாதை எப்போதாவதுதான் வந்தது. உடம்பு சரியானால் அருவியில் குளித்துக் குற்றாலநாதருக்கு விளக்கேற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

அடுத்த சாரலுக்கு எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் எனக்கு அடிவயிறு பிசைந்தது. சந்தேகமே இல்லை. வந்துவிட்டது.

"அத்தே..."

விஷயம் புரிந்ததும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "வருசம் பூரா விட்டுட்டு, சாமி வாசல்லயா வரணும்? சரி, நாளைக்கு யாரு ஒல வப்பா?" திட்டிக்கொண்டே மூட்டையைப் பிரித்தாள். மாற்றுச்சேலைகளைச் சுற்றியிருந்தது என் ரங்கூன் கைலி. மலையெல்லாம் என் தோளில் வந்த ஒரே துணி. ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்து, ஒன்றை என் பக்கம் வீசினாள். "ஒன் விளக்க நான் ஏத்துதேன். நீ இங்கனயே இரி."

அருவியில் குளித்துவிட்டு, மற்றப் பாதியால் ஈரத்தலையைத் துவட்டி, அதையே தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் போனாள். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் என் முகத்தில் அடித்தது. ரங்கூன் துணியில் ஒரு பாதி சந்நிதியில் நிற்கிறது, ஒரு பாதி என்னோடு வெளியே இருக்கிறது என்று நினைத்தேன். சிரித்தேனோ அழுதேனோ, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.