பிடுங்க வராத நடுக்கட்டை

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொள்வது என் வேலை. வாய்க்காலிலிருந்து உப்புநீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடும் மோட்டார். அதற்குக் கரண்ட் மூன்று கம்பிகளில் வரும். மூன்றிலும் வந்தால்தான் சுற்றும். ஒன்றில் வராவிட்டால், போட்டதும் சுற்றாமல் முனகும். அப்படியே விட்டால் காயில் கருகிப்போகும். ஒரு காயிலைக் கருகவிட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் முதலாளி ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். டீசல் இன்ஜின் அதைச் சுற்றும். பார்வைக்கு அதுவும் மோட்டார் மாதிரிதான் இருந்தது. மோட்டார் கரண்டை வாங்கிக்கொண்டு சுற்றுகிறது, இது சுற்றிக் கரண்டைக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று நான் புரிந்துவைத்திருந்தேன். அந்தப் பக்கம் யாராவது கரண்டை எடுத்தால் இந்தப் பக்கம் இன்ஜினுக்குப் பாரம் ஏறும். சத்தம் அமுங்கி, கனத்துவிடும்.

லைன் கரண்டையும் ஜெனரேட்டரையும் மாற்றிப் போடுகிற சுவிட்ச் உப்புக்காற்றில் துருப்பிடித்து உடைந்துபோயிருந்தது. அதனால் எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மெயின் பெட்டியில் இருக்கும் மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மேஸ்திரியின் சாப்பாட்டுத் தூக்கில் போட வேண்டும். அதன் பிறகுதான் இன்ஜினில் கை வைக்கலாம்.

அன்று சித்திரை வெயில். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. லைன்மேன் சைக்கிளில் வந்து நின்றார். இரண்டு வரப்பு தள்ளியிருந்த கம்பத்தில் கம்பி தொய்ந்து ஒன்றோடொன்று உரசுகிறது, டிரான்ஸ்ஃபார்மரில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன் என்றார்.

"ஜெனரேட்டர் போடுவீங்களா?"

தலையாட்டினேன்.

"போட்டுக்கோ. மூணு கட்டையும் கழட்டிடுப்பா. நான் மேல இருப்பேன்."

அதற்கும் தலையாட்டினேன். அவர் போன பிறகு கட்டைகளைப் பிடுங்கினேன். ஓரத்திலிருந்த இரண்டும் வந்துவிட்டன. நடுக்கட்டை உப்பேறி இறுகிக் கிடந்தது. இழுத்ததில் விரல் கிழிந்ததுதான் மிச்சம். அப்போது மேஸ்திரி வந்துவிட்டார்.

"இன்னாடா, பூசை போட்டுக்கினு இருக்கியா? பாத்தி காயுது. கட்டைய போட்டியா?"

இரண்டையும் தூக்கில் போட்டேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டுவார், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது ஆகாது. மூன்றில் இரண்டு போய்விட்டால் மோட்டார் அசையவே அசையாது, மிச்சமிருக்கும் ஒற்றைக் கம்பியால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். மோட்டாரை வைத்தே எல்லாவற்றையும் யோசிக்கிறவன் நான்.

இன்ஜினைச் சுற்றிவிட்டேன். மோட்டார் ஓடியது, தண்ணீர் பாய்ந்தது.

மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு பல்பு உண்டு. லைனில் கரண்ட் திரும்பி வந்தால் தெரிவதற்காக, பியூஸுக்கு முன்னாலேயே ஒயர் எடுத்து மாட்டியது. பட்டப்பகலில் அது எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் வந்துடுச்சுடா. அத நிறுத்து, டீசலாவது மிஞ்சும்" என்றார் மேஸ்திரி.

லைன்மேன் இன்னும் கம்பத்தடியிலிருந்து திரும்பவில்லை. அவர் வராமல் லைனில் கரண்ட் எப்படி வரும்? எங்கள் கரண்ட்தான் நடுக்கட்டை வழியாக லைனுக்குள் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சுற்ற மூன்று கம்பி வேண்டும். ஆளைக் கொல்ல ஒன்று போதும்.

இன்ஜினை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பேன். அதற்குள் அதன் சத்தம் அமுங்கியது. பெரும்பாரம் ஏறியதுபோல் திணறியது. பல்பு அணைந்துவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ கரண்டை எடுக்கிறார்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு வரப்பில் ஓடினேன். உப்புக் குவியல்கள் மறைத்ததால் கம்பத்தின் உச்சிதான் தெரிந்தது. உச்சியில் ஆள் இல்லை.

கடைசிக் குவியலைத் தாண்டியதும் பார்த்தேன். லைன்மேன் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கம்பியில் கரண்ட் இருந்தால் அதை மண்ணுக்கு இழுத்துக்கொள்ள, ஏறுமுன் கம்பிகளின் மேல் வீசிப்போடும் சங்கிலி, போட்ட இடத்தில் கருகித் தொங்கியது. அவர் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத சைக்கிள்லயே மறந்துட்டேன்பா. பாதிக் கம்பம் ஏறிட்டு, திரும்ப எறங்கி வந்து எடுத்தேன்."

யார் கரண்ட் என்று அவர் கேட்கவில்லை.

"நடுக்கட்டை வரலண்ணே. சொல்லாம வுட்டுட்டேன்" என்றேன்.

அவர் என் பின்னாலேயே கொட்டகைக்கு வந்தார். ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி அந்தக் கட்டையைப் பெயர்த்தெடுத்தார். மேஸ்திரியின் தூக்கைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு, இதையும் போட்டு மூடினார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு லைன்மேன் போய்க் கம்பத்தில் ஏறினார். இறங்கும்வரை நான் கீழேயே நின்றேன். சாயங்காலம்வரை பாத்திகள் காய்ந்தன. ஜெனரேட்டரைப் போடச் சொல்லி மேஸ்திரி கேட்கவே இல்லை.