எல்விரா தெருவின் பச்சை ஷட்டர்

வலது கை ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்க, இடது கையால் மவுஸை நகர்த்தி, திரையில் இருக்கும் மஞ்சள் பொம்மையைத் தூக்கி எல்விரா தெரு முனையில் இறக்கிவிடுகிறார் நஞ்சப்பன். சாப்பாட்டு நேரமும் வேலை நேரமும் ஒன்றாக வருவதால் மவுஸ் இடது கைக்குப் பழகிவிட்டது.

ஸ்பெயினில் கிரனாடா என்ற பழைய நகரம். அங்கே மதுக்கடைகள் நெருங்கி நிற்கும் தெருக்களின் வரைபடத்தை ஒரு பயணச் செயலிக்காகத் திருத்துவது அவர் வேலை. கடை இடம் மாறிவிட்டது, வாசல் பின்பக்கம் இருக்கிறது என்று அங்கே நள்ளிரவில் அலையும் பயணிகள் அனுப்பும் புகார்கள், ஜெர்சி சிட்டியில் அவருடைய சமையலறை மேஜைக்குச் சாயங்காலம் வந்து சேரும். மஞ்சள் பொம்மையை வைத்த இடத்தில் தெருவின் புகைப்படம் விரியும். பார்த்துச் சரிசெய்வார்.

குடிப்பழக்கம் கிடையாது. சேர்ந்த புதிதில், அங்கே பியரோடு தரும் சிறுதீனியின் பெயரான 'தபாஸ்' என்பதைத் தபஸ் என்று படித்து, ஒரு மதுக்கடையை யோகா நிலையங்களோடு சேர்த்துவிட்டாராம். "பாய் சுருட்டிக்கிட்டு ஒரு அம்மா போய் நின்னுருச்சு தம்பி. ஆபீஸ்ல இன்னைக்கும் நான் சாமியார்தான்" என்றார் சிரிக்காமல்.

அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். கிடைத்து இருபது வருடம் கழித்து என்ன என்பதை இவரைப் பார்த்த பிறகுதான் யோசிக்கிறேன்.

இந்த செமஸ்டர் அவர் மகள் வெண்பா கிரனாடாவில்தான் படிக்கிறாள். இங்கேயே பிறந்தவள். கடைசி வாரம் அப்பா வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். இவருடைய அமெரிக்க விசா முத்திரையோ காலாவதியாகிப் பல வருடமாகிறது. இங்கேயே இருந்து வேலை பார்க்கத் தடையில்லை; நாட்டை விட்டுப் போனால் புது முத்திரை வாங்கித்தான் திரும்பலாம். அது தாமதமானால் கான்ட்ராக்ட் போய்விடும். "ஊரையே பாருக்கு அனுப்பறவரு, பெத்த புள்ளயப் பாக்கப் போறதுக்கு ரூல்ஸ் பேசறாரு" என்று அவர் மனைவி சாந்தாமணி என்னிடம் சொல்வதுபோல அவருக்குச் சொன்னார். விமான டிக்கெட் பக்கம் ஒரு மாதமாக அவர் திரையோரத்தில் திறந்தே இருந்தது. நேற்று காணவில்லை.

இன்று சாப்பாட்டின் நடுவே வெண்பா வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, கெஸ் வேர் ஐ ஆம்."

பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தே சொல்லிவிட்டார். "எல்விரா தெரு. வலப்பக்கம் பச்சை ஷட்டர் இருக்கும் பாரு சாமி."

"வாட் ஷட்டர்? இட்ஸ் எ பார், அப்பா. இட்ஸ் ஓப்பன்."

வரைபடத்தின் புகைப்படங்கள் எல்லாம் பகலில் எடுத்தவை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேளிக்கைத் தெருக்கள் என்று இத்தனை வருடம் அவர் பார்த்ததெல்லாம் வெயிலில் மூடிக் கிடந்த கடைகளை.

"ஸோ, ஆர் யூ கமிங்?"

"அடுத்த வருஷம் பாக்கலாம் சாமி."

"நெக்ஸ்ட் இயர் ஐ வோன்ட் பி ஹியர்."

 அவள் போனைத் தெருப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். கோப்பைகளோடு வாசலில் நிற்பவர்கள், யாரோ சிரிப்பது, மஞ்சள் வெளிச்சம். லேப்டாப்பில் புதுப் புகார் ஒன்று மணியடித்தது. நஞ்சப்பன் அதைத் திரும்பிப் பார்க்காமல் எச்சில் கையோடு எழுந்துபோய், போன் திரையில் பட்டுக் கூசிய வெளிச்சம் போக, முழங்கையால் சுவிட்சைத் தட்டிச் சமையலறை விளக்கை அணைத்தார்.