எதுங்க மூலம்?

இரவுச் சாப்பாடு முடிந்ததும் புழக்கடையில் பாய் விரித்து, எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது எங்கள் வீட்டு வழக்கம். நட்சத்திரங்களுக்கு நாங்களே பேர் வைத்திருந்தோம். அம்மாவுடைய மூக்குத்தி ஒன்று, தம்பியின் ஓடிப்போன கன்றுக்குட்டி ஒன்று.

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷம், ஆவணியில், அந்தப் பாயில் ஒரு விருந்தாளியும் உட்கார்ந்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வைகாசியில் வந்து, தன் மகனுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனவர். இப்போது ஜாதகம் பார்த்துவிட்டு, மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வண்டி கட்டி வந்திருந்தார். நான் ஆக்கிய கோழிக்குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வெற்றிலை போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பொண்ணு தங்கமுங்க. குத்தஞ்சொல்ல ஒண்ணுமில்லீங்க. நட்சத்திரந்தான் மூலமாப் போச்சு. மூலத்துப் பொண்ணு ஊட்டுக்கு வந்தா மாமனார் உசுருக்கு ஆகாதுங்களே."

அப்பா "செரிங்க" என்றார். அவ்வளவுதான். அந்தச் "செரிங்க" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய மகனை நான் சரியாகப் பார்த்தது கூட இல்லை. அவன் கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தமில்லை. ஆனால் நான் பிறந்ததே ஒருவரைக் கொல்லத்தான் என்று என் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சொல்வதா? தண்ணீர்ச் சொம்போடு அவர் எதிரில் போய் நின்றேன்.

"ஏனுங்க மாமா, இதுல எதுங்க மூலம்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அண்ணாந்து பார்த்து, கிழக்கே கையைக் காட்டினார். "அந்தா, பனைக்கு மேல மினுக்குதே, அதுதான்."

"அதில்லீங்க மாப்ள, மூலம் வடக்காலயாக்கும்" என்றார் மைத்துனர்.

"உனக்கென்ன தெரியும்?"

"உங்களுக்கு மட்டும் தெரியுங்களா?"

இருவரும் கழுத்து வலிக்க வானத்தைத் துழாவினார்கள். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாத ஒண்ணு உங்கள எப்படீங்க கொல்லும்?" என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "பொட்டப்புள்ள பேசற பேச்சா இது?"

அவர் மகனுக்குத் தையில் வேறிடத்தில் கல்யாணம் நடந்தது. அடுத்த கோடையில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். புது மருமகளின் நட்சத்திரத்தை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் நான்தான் அகப்பட்டேன். "மருமகளா வராட்டி என்ன? மூலத்துப் பொண்ணு கையால சோறு தின்னாரல்ல" என்று கிணற்றடியில் ஒருத்தி அம்மாவிடமே சொன்னாள்.

அன்றைக்கு என்னை உள்ளே இழுத்த அம்மா, குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "நாங்க தெனமும் அவ கையாலதான் திங்கறோம். செத்தா போயிட்டோம்?"

இருந்தும் அதற்குப் பிறகு எனக்குத் தகப்பன் இல்லாத மாப்பிள்ளையாகவே தேடினார்கள். சித்தூர்ப் பக்கம் கிடைத்தார். யாரோ ஒருவர் முன்னமே செத்திருந்தது எனக்குப் பொருத்தம் ஆயிற்று! மூலம் எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை.

மகள் பிறந்ததும் மாமியார் ஜோசியரை வரவழைத்தார். குழந்தை பிறந்த நேரத்தை நான் சொல்ல மறுத்துவிட்டேன்.

"ஜாதகமில்லாம இவள எவன் கட்டுவான்?" என்றார் மாமியார்.

"கட்டாட்டிப் போறானுங்க அத்தை."

மாமியார் என் கணவரைப் பார்த்தார். அவர் எழுந்து ஜோசியருக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்து, வண்டிவரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தார். மாமியார் அந்த மாதம் முழுக்க என்னோடு பேசவில்லை.