சாப்பிட்டியாலே

என் கணவர் தொலைக்காட்சித் தொடரில் ஆள் கொல்லும் தொழில் பார்க்கிறார். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கச் சொன்னால் விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வார்.

தூத்துக்குடி ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கிரேன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை கனத்துப்போயிருந்தது. மீசையும் அந்தத் தொண்டைக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் இருப்பது, அரிசி மூட்டை நடுக்கூடத்தில் கிடப்பது மாதிரி. போகிறவர் வருகிறவரெல்லாம் முட்டிக்கொள்ள வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்தால், சமையலறையில் டப்பாக்களையெல்லாம் உயர வாரியாக அடுக்கி வைத்திருப்பார். உப்பு எங்கே, சீனி எங்கே என்று தேடுவதற்குள் எனக்கு ஆவி போய்விடும். அதனால் அவருடைய சிநேகிதர் ஒருவர், தன் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சினிமாக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பார்க்க வா என்று கூப்பிட்டபோது, நானே சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பினேன்.

வந்திருந்தவர்கள் சினிமாக்காரர்கள் இல்லை, சீரியல்காரர்கள். கதையில் துறைமுகத்தையே கைக்குள் வைத்திருக்கும் ஒரு ரவுடித் தலைவன் வருகிறான். ஈவு இரக்கம் இல்லாதவன். அந்த வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வந்த நடிகர், முந்தின நாள் நம் ஊர்ப் பொரிச்ச பரோட்டாவை ஆசைக்குச் சாப்பிட்டுவிட்டு, லாட்ஜை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தாராம். டைரக்டர் தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், என் கணவரின் மீசையைப் பார்த்தார். குரலைக் கேட்டார். வெள்ளை வேட்டியும் ஒரு கவரிங் சங்கிலியும் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்.

காட்சி இதுதான். காட்டிக்கொடுத்த ஒருவனை நாற்காலியில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். தலைவன் நிதானமாக நடந்து வந்து, "உன் கதை முடிஞ்சுதுடா" என்று சொல்ல வேண்டும். இவர் நடந்து வந்தார். கட்டிப் போட்டிருந்த பையன் காலையிலிருந்து அப்படியே இருக்கிறான். உதடு காய்ந்து, கண் உள்ளே போய்க் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் இவருக்கு வசனம் மறந்துபோயிற்று. குனிந்து, ஹார்பரில் லாரிக்காரப் பையன்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சாப்பிட்டியாலே?"

அந்தப் பையனுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "இல்லண்ணாச்சி" என்றான்.

இவர் தப்புப் பண்ணிவிட்டோம் என்று முழித்துக்கொண்டு நின்றார். டைரக்டர் தம்பி ஓடி வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் சார் வேணும், இதையே சொல்லுங்க என்றாராம். அடுத்த காட்சியில் அந்தப் பையன் சாக்குமூட்டைக்குள் கடலுக்குப் போனான். அன்றிலிருந்து தொடரில் யாரைப் பார்த்து இவர் அந்தக் கேள்வியைக் கேட்கிறாரோ, அவன் மறுநாள் உயிரோடு இருக்க மாட்டான். சென்னை நடிகர் தேறி எழுந்தபோது அவருக்கு வேஷம் இல்லை. மாதம் ஒரு தடவை இங்கேயே வந்து இவர் காட்சிகளை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஊர் கொண்டாடியது. ஆட்டோக்காரர்கள் இவரைக் கண்டதும் கையைத் தூக்கி, "அண்ணாச்சி, நான் சாப்டுட்டேன், என்னய விட்ருங்க" என்பார்கள். மீன் விற்கிற அக்கா ஒரு கை நண்டை அதிகமாக அள்ளிப் போட்டு, "இதத் தின்னுட்டு எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு தடவ கேட்டுட்டுப் போங்க" என்றாள். நானும் சிரித்தேன். கொலைகாரன் பொண்டாட்டி என்று ஸ்டாஃப் ரூமில் எனக்கு ஒரு மரியாதைகூட வந்தது. பத்தாம் வகுப்பு முழுதும் வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்தது.

ஆனால் அந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சொத்து. அதை யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்குள் எவ்வளவு பெரிய சண்டை நடந்தாலும் அவர் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. வேலையில் இருந்த காலத்தில் மத்தியானம் ஹார்பரிலிருந்து போன் வரும். "ஏளா, சாப்ட்டியா?" அவ்வளவுதான். அதற்கு நான் "ம்" என்று சொன்னால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். கோயில் அசனத்தில், சர்ச் சபையார் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் அந்த விருந்தில், சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு இவர்தான் போவார். பிந்தி வந்து ஓரமாக நிற்கிறவர்களைத் தேடிப் போய்க் கேட்பார். இந்த வருஷமும் அப்படித்தான், ஒரு பெரியவரிடம் போய், "சாப்ட்டியளா?" என்று கேட்டார். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தப் பெரியவரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி நடித்துக் காட்டினார். இவரும் சிரித்தார். வாளியை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நெசமாத்தான் கேட்டேன் ஏளா. பசியோட நின்னாரு" என்றார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. எங்கள் சண்டைகள் முடிய வழி தெரியாமல் நாள் கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தன.

அந்த நேரத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. கூடி வந்தது என்ன, அவளே கூட்டி வந்தது. கூட வேலை பார்க்கிற பையன். நாசரேத் பக்கம், நல்ல குடும்பம். பையனின் அம்மா டீச்சர், என்னை மாதிரியே. ஒரே ஒரு சிக்கல். அந்த அம்மா இந்தத் தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவர்கள். ரவுடித் தலைவன் வரும்போதெல்லாம், "பாவிப்பய, வெளங்குவானா" என்று டிவியைப் பார்த்து ஏசுவார்கள் என்று பையனே சொல்லியிருக்கிறான். மகள் அழாத குறை.

"யப்பா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராதிய. அவிய ஒரு மாதிரி நெனச்சுட்டா எல்லாம் போச்சு" என்றாள்.

நானும் சேர்ந்துகொண்டேன். "வாயத் தொறக்காம இருந்தாலே போதும். மீசையக் கொஞ்சம் கத்தரிச்சா இன்னும் நல்லது" என்றேன். மீசையைக் கத்தரிக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். ஜெபம் பண்ணினோம். மக்ரூனும் மிக்சரும் கொடுத்தோம். பேச்சு நன்றாகத்தான் போயிற்று. அந்த அம்மா மட்டும் அடிக்கடி என் கணவரின் மீசையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இவர் தேர்வு எழுத வந்த பிள்ளை மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணி ஒன்றைத் தாண்டியது. அடுப்படியில் பாறை மீன் குழம்பு மணந்துகொண்டிருந்தது. "வாங்க, கை கழுவலாம்" என்று நான் கூப்பிட்டேன். "ஆகட்டும் மதினி" என்றார்கள், யாரும் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வந்தவர்கள், வீட்டு ஆம்பளை வாயால் "சாப்ட்டியளா" என்று கேட்காமல் பந்திக்கு எழுந்திருக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியாததா? வார்த்தைக்குப் பயந்ததில் வழக்கம் மறந்துபோயிருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு யாரோ, வேன் டிரைவர் எங்கே என்று கேட்டார்கள். அடுப்படி வாசலில் மகள் வெளிறிப்போய் நின்றாள்.

அந்த அம்மா எழுந்தார்கள். சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்கள். போச்சு, எல்லாம் முடிந்தது என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதிய" என்றார்கள். "டிவியில கொல்லப்போறவன்ட்டகூட சாப்ட்டியாலேன்னு ஒரு வார்த்த கேக்கிய. பொண்ணு கேட்டு வந்திருக்கோம், எங்கட்ட கேக்க மாட்டிக்கிய. நாங்க அவனுவளுக்கும் கீழயா போயிட்டோம்?"

என் கணவர் மெதுவாக எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பையன் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை ஆகப்போகிறவனை 'லே' போட்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனால் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த வார்த்தை, அது பழகிய விதத்தில்தான் வெளியே வந்தது.

"சாப்பிட்டியாலே?"

பையன் படக்கென்று எழுந்தான். "இல்ல மாமா" என்றான்.

மாமா. வீட்டுக்குள் வந்ததிலிருந்து, சார், சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா சத்தமாகச் சிரித்தார்கள். "ரெண்டு துண்டு மீனு கூட வைங்க அண்ணாச்சி. எனக்கு இருக்கது ஒரே பிள்ள, கொன்னுறாதிய" என்றார்கள். பிறகு இவரைப் பிடிக்க ஆள் இல்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று கேட்டார். தெருவில் இறங்கி, வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரைத் தட்டி எழுப்பிக் கேட்டார். அந்த டிரைவரும் தொடர் பார்க்கிறவர் போலிருக்கிறது, ஒரு கணம் ஆடிப்போய்விட்டார். பந்தியில் குழம்பு வாளியை என் கணவரே தூக்கிக்கொண்டார். மகள் முகத்தில் சந்தோஷம் தாங்கவில்லை, எனக்கும்தான். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டாரையும் இழுத்து உட்கார வைத்ததில் சோறு பற்றாமல் மறுபடி உலை வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு, நான் பாத்திரங்களோடு கிடந்தேன். உப்பு டப்பாவை இவர் எங்கே வைத்தார் என்பதில் காலையில் தொடங்கிய சண்டை இன்னும் பாக்கி இருந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, சாப்ட்டியா?"

"இல்ல" என்றேன். கையைக் கழுவிவிட்டு ஒரு தட்டை எடுத்து எனக்குச் சோறு போட்டார்.