ராணியின் டின்

கிள்ளானில் என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தபோது முகத்தில் பாதி சவரம் முடிந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கனகசபை அண்ணனின் மனைவி பேசினார். "அவர் போயிட்டார் தம்பி" என்றார். கொஞ்சம் அழுதுவிட்டு, ராணியின் டின்னை நான் வைத்துக்கொள்கிறேனா என்று கேட்டார். சாவுச் செய்தியில் நாய்ச் சாப்பாட்டு டின் எதற்கு என்று மற்றவர்கள் நினைக்கலாம். அவரோடு மலை ஏறிய உங்களுக்கு விளங்கும்.

எண்பதுகளில் நானும் அவரும் ஒரே அலுவலகத்தில் குமாஸ்தாக்கள். விடுமுறை வந்தால், உங்களில் சிலரும் சேர்ந்துகொள்ள, முதுகுப்பையும் ராணியுமாகக் கிளம்புவோம். நமக்கு வேண்டியதை ஐந்து நிமிடத்தில் திணித்துவிடுவார். ராணிக்கு மட்டும் முதல் நாளே வேலை தொடங்கும். உப்பில்லாமல் குழைத்த சோறு. மூன்று தண்ணீரில் ஊறவைத்து, உப்பு போக அவித்த நெத்திலி. வழி தவறினால் இருக்கட்டும் என்று ஒரு வேளை கூடுதலாக. எல்லாம் பொட்டலமாகி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். நாய்க்கு இவ்வளவு உபசாரமா என்று நாங்கள் கேலி செய்தால், "வைரவரின்ர வாகனம். முதல் பங்கு அவளுக்குத்தான்" என்பார். அந்த டின்னை முறை வைத்துச் சுமப்போம்.

அன்று நாங்கள் இருவர் மட்டும்தான். என் முறை. உலு லங்காட் பக்கம் ஒரு மலை. புரட்டாசிச் சனிக்கிழமை வேறு. பெருமாளுக்கு விரதம் இருந்து, ஒரு வேளைப் புளிச்சோற்றைப் பையில் வைத்திருந்தேன். அதன் மேல் நெத்திலி டின்னா? அவரிடம் சொல்லியிருந்தால் தானே வாங்கிச் சுமந்திருப்பார். சொல்லக் கூச்சம். அவர் ராணியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்த நேரத்தில், டின்னைக் காரின் பின்பெட்டியில் சாக்குக்கு அடியில் தள்ளிவிட்டேன். நாய் எதையாவது தின்னும் என்பது என் கணக்கு.

உச்சியில் ராணி என் பையருகே வந்து உட்கார்ந்தாள். வழியில் ஓய்வெடுத்த இடத்தில் குரங்கு டின்னைத் தூக்கிப் போய்விட்டது என்றேன். விரதத்தோடு சொன்ன பொய். புளிச்சோற்றை முகர்ந்துவிட்டு ராணி தலையைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் தன் ரொட்டித் துண்டுகளைப் பிய்த்து ஒவ்வொன்றாக அவளுக்குக் கொடுத்தார். அவருக்குச் சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிட வேண்டியவர். என் சோற்றில் பாதியை நீட்டினேன்.

"நீர் இண்டைக்கு ஒருநேரம் சாப்பிடுற ஆள். உம்மட விரதச் சோத்தை நான் தொடமாட்டன்" என்றார்.

நான் சாப்பிட்டேன், முழுவதையும்.

இறங்கும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கை நடுங்கியது, சட்டை வேர்வையில் நனைந்தது. என் பைக்குள் கிடந்த ஒரே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு எப்படியோ கார் வரை வந்தார். பிறகு நனைந்த உடைகளை உள்ளே வைக்கப் பின்பெட்டியைத் திறந்து சாக்கை இழுத்தார். டின் உருண்டு வந்தது.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மூடியைத் திறந்து, ராணியின் முன் வைத்து, அவள் தின்று முடிக்கும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை குரங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் புரட்டாசியில், என் முறை வந்தபோது டின்னைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "உமக்கு விரதம் எல்லே. தண்ணிப் போத்தலைத் தூக்கும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

ராணி செத்துப் பல வருடம் ஆகிறது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ விடுமுறைகள் இருந்தன. சவப்பெட்டியருகே நின்றபோதும் வாய் வரவில்லை. அதனால் உங்கள் எல்லார் முன்னாலும் எழுதுகிறேன்: குரங்கு எடுக்கவில்லை. நான்தான்.

டின்னை வாங்கி வந்துவிட்டேன். மூடியில் 'ராணி – உப்பில்லை' என்ற அவர் கையெழுத்து இன்னும் அழியவில்லை. நெத்திலி வாடையும் போகவில்லை. அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிற புரட்டாசியிலும் அது அங்கேதான் இருக்கும்.