பின்சீட்டை விட்டு இறங்கியது

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனை நான் அக்காவின் மோட்டார் சைக்கிள் பின்சீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தேன். பார்த்தேன் என்றால் பாதிதான். மீதிப் பாதியை அவள் முதுகு மறைத்துக்கொள்ளும். குழந்தையில் வந்த காய்ச்சலில் என் இடது கால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது, பஸ் படி ஏறுவது பெரும்பாடு. அதனால் காலையில் ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து கிளம்பி, சூலியா தெருப் பக்கம் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடையில் என்னை இறக்கிவிட்டு, அதன் பிறகு அவள் தன் ஆபீசுக்குப் போவாள். சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வாள். மழை வந்தால் ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பேரும் நனைவோம்.

பார்ப்பவர்கள் எல்லாம் அக்காவைக் கொண்டாடுவார்கள். பசாரில் மீன் விற்கும் அம்மாகூட, இந்த மாதிரி ஒரு அக்கா கிடைக்க நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார். உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைச் சுமப்பதற்கு அவளுக்குப் பாராட்டு, சுமக்கப்படுவதற்கு எனக்கு என்ன?

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் அக்காவின் ஆபீஸ் தோழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஈப்போ கிளையில் பெரிய பொறுப்பு, அக்காவுக்கு இரண்டு தடவை கொடுத்தார்களாம், இரண்டு தடவையும் மறுத்துவிட்டாளாம். இப்போது மூன்றாவது முறை கேட்கிறார்கள், தீபாவளிக்குள் பதில் சொல்ல வேண்டும், இதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்றார். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தார். “பாவம், உங்கள விட்டுட்டு எப்படிப் போவா?”

எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அக்காவின் முதுகைப் பார்த்தே கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். ஈப்போ என்ன சந்திர மண்டலமா, ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாமே என்றேன். காற்றில் காது கேட்கவில்லை என்றாள். நன்றாகக் கேட்டிருக்கும். அவள் மூன்றாவது முறையும் மறுத்தால் அது என் தலையில்தான் விடியும் என்று அன்றே முடிவு செய்தேன். நானே வண்டி ஓட்டப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் சாதாரண ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரம் மாட்டிக் கொடுத்தார்கள். பக்கவாட்டில் ஊன்றுகோல் சொருக ஒரு குழாய். கோயிலில் பூசைக்குக் கொண்டுபோனபோது குருக்கள் பழக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். சக்கரங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இன்னொரு பழம் எடுத்து வந்தார்.

பழகியது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில், பசாருக்குப் பின்னால் கடைகள் எடுத்த பிறகு காலியாகக் கிடக்கும் இடத்தில். மீன் தண்ணீர் வாடை வேறு. அக்காதான் வாத்தியார். இருபது வருஷம் மோட்டார் ஓட்டியவள், அவளுக்குத் தெரியாததா? நேராகப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. வளைவு வந்தால்தான் கூத்து. “சாயி, சாயி, வளைவுல சாயணும்டி” என்று கத்துவாள். நானும் உடம்பையெல்லாம் சாய்ப்பேன். பின்சீட்டில் அவளோடு சேர்ந்து சாய்ந்து பழகிய உடம்பு, சொல்லவே வேண்டாம். வண்டி மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நேராகப் போய்க் காய்கறிக் கூடைகளில் முட்டும்.

வாரா வாரம் இதே கதை. என் கால்தான் காரணம் என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன், சின்ன வயதிலிருந்து எது நடக்காவிட்டாலும் அதுதானே காரணம். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, எனக்கு இது சரிப்பட்டு வராது அக்கா, விட்டுவிடலாம் என்று அழுதேன். அவள் சமாதானம் சொன்னாள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விட்டாள். நிம்மதியாக இருப்பவர்கள் விடும் பெருமூச்சு. அது எனக்கு விளங்கவில்லை.

அழுகை நிற்கவில்லை என்றதும், இறங்கு, நான் ஓட்டிக் காட்டுகிறேன் பார் என்று ஏறி உட்கார்ந்தாள். நல்ல வேகத்தில்தான் கிளம்பினாள். வளைவில் அழகாகச் சாய்ந்தாள். வண்டி நேராகப் போய் முன்சக்கரத்தைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டு நின்றது. அக்காவுக்கு அடியில்லை. ஹெல்மெட்டோடு அப்படியே உட்கார்ந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விக்கல் வரும்வரை சிரித்தேன்.

வண்டியை மேலே இழுத்துப் போட்ட பிறகுதான் இருவருமாக உட்கார்ந்து யோசித்தோம். இரண்டு சக்கர வண்டி சாய்ந்தால் திரும்பும். இது சாயாது. பசார் தள்ளுவண்டியைத் திருப்புவதுபோலக் கைப்பிடியைப் பிடித்து, திரும்ப வேண்டிய பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அக்கா தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், இந்த வண்டிக்கு அது பொருந்தவில்லை. கைப்பிடியைத் திருப்பி நான் முதல் வட்டம் போட்டபோது கூடை, சாக்கடை எதுவும் குறுக்கே வரவில்லை. அக்காவும் மறுபடி முயன்று பார்த்தாள். வளைவு வந்தால் அவள் உடம்பு தானாகச் சாய்ந்தது. எனக்கு வருகிற ஒன்று அவளுக்கு வரவில்லை என்று வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது லைசென்ஸ் சோதனையில் பாஸானேன். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம், இனி ஈப்போவுக்குப் பதில் எழுது என்றேன். அவள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

“நீ பாஸானது சந்தோஷம்தான். ஆனா நான் போகல.”

“ஏன்? அதான் நான் ஓட்டுறேன்லா?”

“பயமா இருக்குடி. புது ஊரு, புது ஆளுங்க, நான் தனியா. உன்னைச் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க.”

எனக்குத் தலைகால் தெரியாத கோபம் வந்தது. எத்தனை வருஷம் இவளுக்குப் பாரமாக இருக்கிறேனே என்று தலையைக் குனிந்து நடந்திருக்கிறேன்! கோயிலில் ஒருத்தி பாவம் என்றதற்குச் சோறு இறங்காமல் எழுந்து வந்திருக்கிறேன். இவளோ என் காலைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஒளிந்திருக்கிறாள். அந்தக் கோபம் ஒரு நாள் முழுக்க இருந்தது. அது ஆறியபோதுதான் வேறொன்று தோன்றியது. எங்கள் இருவரில் தைரியசாலி அவள், கோழை நான் என்று ஊரே சொல்லி, நாங்களும் நம்பிவிட்டோம். பயப்படுகிற உரிமையைக்கூட அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை, நானும்தான். பாவமாக இருந்தது. அவளைப் பார்த்து நான் பாவப்பட்டது அதுதான் முதல் தடவை.

அதற்காக விட்டுவிடவில்லை. மறுநாள் காலை அவள் காப்பி கலக்கும்போது போய் நின்றேன். “வேணான்னா போகாத. ஆனா இனிமே என் காலச் சொல்லாத. வேற காரணம் இருந்தா சொல்லு.” அவள் கரண்டியை வைத்துவிட்டு, ஆபீசில் போய்ப் பயமாக இருக்கிறது என்றா சொல்வது என்றாள். வேறு காரணம் எதுவும் அவளிடம் இல்லை. அந்த வாரமே ஈப்போவுக்குச் சரி என்று சொல்லிவிட்டாள்.

கிளம்பும் நாளில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பையை முன்னால் வைத்துக்கொண்டேன். பின்சீட்டில் அக்கா. ஃபெரி பிடிக்கும் ஜெட்டி போய்ச் சேரும்வரை, சிக்னல் பார், லாரி வருது பார் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். வாயை மூடாவிட்டால் இங்கேயே இறக்கிவிடுவேன் என்றேன். மோட்டார்களோடு மோட்டாராக ஃபெரியில் ஏறிப் பட்டர்வொர்த்தில் இறங்கினோம். ரயில் நிலைய வாசலில், திரும்பிப் போய்விடுவாயா என்று கேட்டாள். போகாமல் என்ன, இங்கேயே குடித்தனமா நடத்தப் போகிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவமாகத் தெரிந்தாள்.

திரும்பும் ஃபெரியில் வரிசை பிரித்து விடும் மலாய்க்காரர் என் வண்டியைப் பார்த்தார், காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்தார். ஒரு ஆள்தானா என்று மலாயில் கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆமாம், ஒரு ஆள்தான் என்றேன். எத்தனை ஆசைப்பட்ட பதில் அது. சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, அவர் கைகாட்டிய இடத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.